வறண்ட தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரப்ப வேண்டும்: பிம்பம் ஒட்டவே மாட்டேன் என்கிறது

தெப்பக்குளத்தான்:
மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலத்தில் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கரைப் படியில் அப்பா உட்கார்ந்து கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார். எதிரே குளத்தின் நடுவில் கோபுரத்தோடு நிற்கும் மைய மண்டபம். இடையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அப்பாவின் மணிவிழாவுக்கு இதைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட எண்ணம். குளம் நிறைந்திருப்பதுபோல் செய்து தரச் சொல்கிறார் அம்மா. ஃபோட்டோஷாப்பில் பையன்களை நீக்கி, மண்டபத்தைத் தனி லேயரில் (அடுக்கில்) தலைகீழாகப் புரட்டி, லேசாகத் தெரியும்படி ஒபாசிட்டியைக் குறைத்து, அலை காட்டும் ரிப்பிள் ஃபில்டரும் போட்டாயிற்று. ஆனாலும் கண்ணாடி மேசையில் வைத்த பொம்மை மாதிரி நிற்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

விரைவுக்கை:
இவ்வளவு பாடு எதற்கு? அந்த இடத்தைத் தேர்வு செய்து, 'குளத்துத் தண்ணீர்' என்று ஏஐயிடம் எழுதிக் கொடுத்தால் அதுவே நிரப்பிவிடும்.

பழைய ஸ்டூடியோ:
நிரப்பும். கோபுரத்துக்கு இல்லாத தளம் ஒன்றையும் சேர்த்து நிரப்பும். மதுரைக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டும் படம் ஐயா இது. வருகிறவர்கள் எல்லாம் அந்த மண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

தம்பி, ரிப்பிளை விடுங்கள். அடிமேடை, மதில், மரம், கோபுரம் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் மடித்திருக்கிறீர்கள், கோளாறு அதுதான். தண்ணீரில் தெரிவது, உங்கள் கேமரா நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, அதே ஆழத்தில் கீழே ஒரு கேமராவை வைத்து அண்ணாந்து எடுத்தால் கிடைக்கும் காட்சியின் தலைகீழ். அடிமேடை தண்ணீரைத் தொடுகிறது, அதை அங்கேயே மடிக்கலாம். கோபுரமோ பல அடி உள்ளே தள்ளி நிற்கிறது. நீர்மட்டத்தை மேடைக்கு அடியிலும் நீட்டிப் பாருங்கள். கோபுரத்தின் நேர்கீழே அது வரும் இடம் படத்தில் கொஞ்சம் மேலே இருக்கும். கோபுரத்தின் மடிப்புக்கோடு அதுதான். அப்படி மடித்தால் கோபுரத்தின் அடிப்பகுதி மதிலின் பிம்பத்துக்குப் பின்னால் கூடுதலாக மறையும், உச்சியும் இப்போது இருப்பதைவிட மேலே ஏறி நிற்கும். மரங்களுக்கும் இதே கணக்கு. ஆகவே ஒவ்வொன்றும் தனி லேயர்.

அதற்கும் முன்னால் நீர்மட்டத்தை முடிவு செய்யுங்கள். நீங்கள் குளத்தின் தரையில் மடித்திருக்கிறீர்கள். அப்பாவின் காலுக்கு இரண்டு படி கீழே தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், எதிரே மேடையிலும் அதே மட்டம் வரைக்கும் கல் மூழ்க வேண்டும்.

ஒபாசிட்டியை ஒரே அளவாகக் குறைக்காதீர்கள். நேர்கீழே பார்த்தால் தண்ணீர் திருப்பித் தருவது ஏறத்தாழ 2 சதவீத ஒளிதான். பார்வை சாயச் சாய அது ஏறிக்கொண்டே போகும். மண்டபத்தருகே பிம்பம் அழுத்தமாகவும், படிக்கு அருகே குளத்தின் பச்சை மேலோங்கியும் இருக்க, பிம்ப லேயரை இடத்துக்கு இடம் மறைக்கும் மாஸ்கில், படிப்படியாக மங்கும் ஒரு கிரேடியன்ட் போடுங்கள். வெளிச்சமான இடங்களைச் சற்று மங்க வையுங்கள்.

அலைக்கு டிஸ்ப்ளேஸ் ஃபில்டர்: இன்னொரு கோப்பின் வெளுப்பு கறுப்பைப் பார்த்துப் படத்தின் பிக்சல்களை நகர்த்துவது. அதற்கான புதிய கோப்பில் நாய்ஸ் (புள்ளிகள்) போட்டு, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, பர்ஸ்பெக்டிவில் கீழ்ப்பக்கத்தை அகலமாக இழுங்கள். தூரத்து அலை நுணுக்கமாகவும் கிட்டத்து அலை பெரிதாகவும் வரும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாகச் சேமியுங்கள். அதில் 128 அளவுள்ள நடுச் சாம்பல் நிறம் (0 கறுப்பு, 255 வெள்ளை) பிக்சலை நகர்த்தாது. வெளுத்த இடமும் கறுத்த இடமும் எதிரெதிராகத் தள்ளும். பக்கவாட்டில் குறைவாக, மேல்கீழாக அதிகமாகத் தள்ளுங்கள்.

தெப்பக்குளத்தான்:
கோபுரத்தைத் தனியாக மடித்ததுமே படம் உட்கார்ந்துவிட்டது, நன்றி ஐயா. அலையை இன்று இரவு பார்க்கிறேன். அப்பாவுக்கும் பிம்பம் போட வேண்டுமா?

பழைய ஸ்டூடியோ:
வேண்டாம். பிம்பம் எப்போதும் கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவில்தான் விழும். அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் இருப்பது கல்படி, தண்ணீர் அவருக்கு அந்தப் பக்கம். தண்ணீரை ஒட்டிய படியில் மட்டும் நான்கு விரல் உயரத்துக்குக் கல்லைக் கறுப்பாக்குங்கள், ஈரம் ஏறியதுபோல. அச்சுக்குக் கொடுக்கும்முன் ஒருமுறை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.