சி.டி. நார்மல்னு வெர்டிகோ ஊசி, மறுநாள் ஸ்ட்ரோக்: இது அலட்சியத்தில் வருமா?

பெரம்பூர்வாசி:
உறவினருக்கு 61 வயது, பிபியும் சுகரும் உண்டு. இரவு 7 மணிக்குத் திடீர் தலைசுற்றல், வாந்தி, நடந்தால் இடது பக்கம் சாய்கிறார். 8 மணிக்குத் தனியார் மருத்துவமனை கேஷுவாலிட்டி. சி.டி. நார்மல், காது சம்பந்தப்பட்ட வெர்டிகோ என்று ஊசி போட்டு 11 மணிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பேச்சு குழறி, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. வேறு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் அடைப்பு. வழக்குப் போடலாமா? கேஸ் ஷீட் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியே போதும் என்கிறார்கள்.

நரம்புவார்டு:
சி.டி.யைத் தப்பாகப் படித்தார்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், கேஸ் அங்கேயே படுத்துவிடும். அந்த ஸ்கேன் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். அடைப்பு அதில் தெரியப் பல மணி நேரம் பிடிக்கும். பின்மூளையில் எலும்பின் நிழல் வேறு மறைக்கும். அங்கே, புது அடைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. டிஃப்யூஷன் படம்கூட முதல் 48 மணி நேரத்தில் சின்ன அடைப்பைத் தவறவிடலாம். ஆகவே ‘நார்மல்’ சி.டி. அவர்கள் தப்புக்குச் சாட்சி இல்லை; ஸ்ட்ரோக் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பவும் அது காரணம் இல்லை.

கேட்க வேண்டியது வேறு. எழுப்பி நடக்க வைத்தார்களா? மூக்கையும் விரலையும் தொடச் சொன்னார்களா? கருவிழி தானாக ஆடும் துடிப்பு ஒரே திசையிலா, பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப மாறியதா? ஒரு இலக்கைப் பார்க்கச் சொல்லித் தலையைச் சட்டென்று திருப்பும் சோதனை செய்தார்களா? சுற்றல் நிற்காமல் இருக்கும்போது இந்தச் சோதனை நார்மலாக வந்தால்தான் ஸ்ட்ரோக் சந்தேகம் கூடும். காதுக் கோளாறில் கண் இலக்கை விட்டு நழுவித் திரும்பும். முகம், கை, பேச்சு மட்டும் பார்த்தால் பின்மூளை ஸ்ட்ரோக் தப்பிவிடும். பிபி, சுகர் உள்ள 61 வயதுக்காரர் ஒரு பக்கம் சாய்கிறார் என்பதே அட்மிட் பண்ணப் போதுமான காரணம்.

அடுத்தது கடிகாரம். 7 மணிக்குத் தொடங்கியது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம், அதாவது 11.30 வரை. அந்த மருந்தான ஆல்டிப்ளேஸ் உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. 10 சதவீதம் உடனே, மீதி ஒரு மணி நேரத்தில். போடும் முன் பிபி 185/110-க்குக் கீழே வர வேண்டும். பிளேட்லெட் லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ அண்மையில் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தாலோ போடமாட்டார்கள். இந்த மருந்தைச் சோதித்து 1995-ல் வெளிவந்த என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு அறிகுறியோடு மூளையில் ரத்தக்கசிவு வந்தது. எனவே ஊசி போடாதது மட்டுமே குற்றம் ஆகாது. யோசிக்கவே இல்லை, வசதியுள்ள இடத்துக்கு அனுப்பவும் இல்லை என்றால்தான் கேள்வி. சிறுமூளை அடைப்பு அடுத்த சில நாளில் வீங்கலாம், சிலருக்கு மண்டை ஓட்டைத் திறக்க வேண்டிவரும். வீட்டுக்கு அனுப்பியதில் அந்தக் கண்காணிப்பும் போயிற்று.

பார்க்டவுன்வக்கீல்:
சார், முதலில் ரெக்கார்ட். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கொடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்கள். கேஷுவாலிட்டி ரெஜிஸ்டர், டாக்டர் நோட்ஸ், நர்சிங் சார்ட், மருந்து சார்ட், சி.டி.யின் டிஜிட்டல் காப்பி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிசிடிவி சீக்கிரம் அழியும். பத்திரப்படுத்தச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடம்தான் கெடு. கட்டிய பில் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இது முடிவாவதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். போலீசுக்கு முதலில் ஓட வேண்டாம்: சுப்ரீம் கோர்ட்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி (2005) கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும். 2010-ல் அதே கோர்ட்டின் கிஷன் ராவ் தீர்ப்பு, எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்றது. அதை நம்பி ஸ்ட்ரோக் கேஸ் போடாதீர்கள். சரியான நேரத்தில் பார்த்திருந்தால் இவ்வளவு பாதிப்பு வந்திருக்காது என்று ஒரு நரம்பியல் நிபுணர் எழுதித் தர வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் தோற்கிறார்கள். எல்லோருக்கும் இலவசமான அரசு மருத்துவமனையாக இருந்தால் 1995 சாந்தா தீர்ப்புப்படி நுகர்வோர் வழக்கே வராது.

பெரம்பூர்வாசி:
நன்றி சார். ஒன்று விட்டுப்போச்சு. கிளம்பும்போது, டாக்டர் சொல்லைக் கேட்காமல் போகிறோம் என்ற ஃபார்மில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பார்க்டவுன்வக்கீல்:
அந்த ஃபார்மின் காப்பியும் வேண்டும். ஸ்ட்ரோக்காக இருக்கலாம், போனால் ஆபத்து என்று அதில் எழுதியிருந்தால் உங்களுக்குச் சிக்கல். நோட்ஸில் ‘வெர்டிகோ, வீட்டில் ஓய்வு’ என்று இருந்தால், அட்மிஷனே சொல்லாதவர்கள் எதை மீறிப் போனார் என்று கையெழுத்து வாங்கினார்கள்? குறுக்கு விசாரணைக்கு அந்தத் தாள் உங்களுக்குத்தான் உதவும்.

ஸ்கேன்ரூம்:
டிஜிட்டல் காப்பியில் ஸ்கேன் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும், ஆனால் மெஷின் கடிகாரம் சில நிமிடம் முன்பின் ஓடுவது சகஜம். பில் நேரத்தோடும் ரெஜிஸ்டரோடும் ஒப்பிட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். ஃபிலிம் மட்டும் வாங்கினால் நிபுணரால் அடர்த்தியை மாற்றிப் பார்க்க முடியாது.