பொருள்: மறுமொழி – குளிரூட்டியிலிருந்து வடியும் நீருக்கான சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் குளிரூட்டியின் உட்புறப் பெட்டியிலிருந்து வடியும் நீரைக் ‘கழிவுநீர்’ என்று குறிக்கலாம் என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. வெளியே விடப்படுவதால் அது கழிவுதானே என்பது வாதத்துக்குச் சரி. ஆனால் வரைபடத்தில் ‘கழிவுநீர்க் குழாய்’ என்று கண்ட பிளம்பர் அதைக் குளியலறைச் சாக்கடைக் குழாயோடு நேரடியாக இணைத்துவிட்டால், நாற்றம் அந்த வழியே படுக்கையறைக்கு ஏறிவிடும். ‘குளிர்நீர்’ என்பதும் பொருந்தாது. பெரிய கட்டடங்களில் குளிர்விப்பதற்காகவே குழாய்களில் சுற்றிவரும் நீருக்கு அச்சொல் தேவைப்படுகிறது. ‘பனிநீர்’ அழகாக இருக்கிறது, ஆனால் திருமண வாசலில் தெளிக்கும் பன்னீர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது.

நீர் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே சொல் பிறக்கட்டும். அறைக் காற்று 26 பாகை செல்சியஸிலும் அதன் ஈரப்பதம் 60 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை, அதாவது ஆவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 18 பாகை. பெட்டிக்குள் இருக்கும் ‘காயில்’ என்னும் சுருள்குழாயோ அதைவிடக் குளிர்ந்திருப்பதால் காற்றிலுள்ள ஆவி அதன் மேல் நீராக ஒடுங்கி அடியிலுள்ள தட்டில் சொட்டுகிறது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில், ஒன்றரை டன் பெட்டி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீர் விடக்கூடும். ஆகவே ‘ஒடுக்கநீர்’ என்பதே என் தேர்வு. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘ஆவி சுருங்குதல்’ செயலைச் சொல்லப் போதும். ஆனால் அதைத் தட்டு, குழாய் ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள், நாக்கு சுளுக்கிவிடும். ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறை நினைவுக்கு வரும் என்ற தடையை நான் பொருட்படுத்தவில்லை.

‘நீர்க்கசிவு’ என்ற ஒரே சொல்லில் எல்லாப் பழுதையும் அடக்குவதும் வேண்டாம். தட்டிலோ குழாயிலோ பாசியும் தூசியும் அடைத்து நீர் வழிவது ‘அடைப்பு’. காப்புறை கிழிந்த செப்புக் குழாயின் மேற்புறத்தில் நீர் துளிர்ப்பது ‘வியர்ப்பு’. தட்டை எத்தனை முறை கழுவினாலும் அது நிற்காது. கேஸ் குறைந்தோ வடிகட்டி தூசியால் மூடியோ காயிலில் பனிக்கட்டி பிடித்து, பின்னர் அது உருகி வழிவது ‘உறைவு’. மூன்றுக்கும் பெயர் தனித்தனியாக இருந்தால்தான் வீட்டுக்காரர் மெக்கானிக்கிடம் சரியானதைக் கேட்க முடியும்.

குழாயின் சாய்வுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். மொட்டை மாடித் தளத்துக்கும் குளியலறைத் தரைக்கும் கொத்தனார்கள் சொல்லும் ‘வாட்டம்’ இருக்கிறது. சாய்வு எத்திசையிலும் இருக்கலாம், வாட்டம் என்றாலோ நீர் ஓடும் திசையும் அதிலேயே அடங்கிவிடுகிறது. “ஒடுக்கநீர்க் குழாய்க்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது வாட்டம் கொடுக்கவும், இடையில் எங்கும் மேலேறக் கூடாது, குழாயின் முனை வாளி நீரில் மூழ்கியிருக்கக் கூடாது” என்று கையேட்டில் எழுதினால் ரசமட்டம் வைத்திருக்கும் எவருக்கும் விளங்கும்.

மீதமிருப்பது, காற்றுக்குழல் வழியே குளிரூட்டும் பெரிய பெட்டிகளில் வைக்கப்படும் வளைகுழாய். அங்கே விசிறி காயிலுக்கு அப்பால் இருந்து காற்றை இழுப்பதால், வடிகுழாய் வழியேயும் வெளிக்காற்று உள்ளே ஏறி நீரை இறங்கவிடாமல் தடுக்கும். வளைவில் தேங்கும் நீர் அக்காற்றை மறிக்கிறது. இதற்குச் சிலர் எழுதிய ‘நீரடைப்பு’ மேலே சொன்ன பழுதோடு குழம்புமாதலால், ‘நீர்ப்பூட்டு’ என்று முன்மொழிகிறேன். கொத்தனார், பிளம்பர் வழக்கில் இதற்கு வேறு பெயர் இருப்பதை அறிந்தவர்கள் எழுதினால் என் சொல்லை விலக்கிக்கொள்ளத் தயார்.