படிவம் ஒன்றுக்கு எந்தப் பள்ளி? பினாங்குத் தீவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் சொல்லுங்கள்

கெலுகோர் அம்மா:

வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள், அடுத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி இருக்கிறது. ஆண் பெண் சேர்ந்து படிக்கிற பள்ளி, பெரிய பேர் ஒன்றும் கிடையாது. இன்னொன்று டவுன் பக்கம், பழைய பெண்கள் பள்ளி, பேர் சொன்னாலே எல்லாருக்கும் தெரியும். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வழக்கமாக முதல் பள்ளியில்தான் இடம் வருகிறது, டவுன் பள்ளி வேண்டுமென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மேல்முறையீடு கொடுக்க வேண்டும் என்று வகுப்பாசிரியர் சொன்னார்.

யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்துப் பள்ளியில் போட்டால் கூட்டாளிகளோடு சேர்ந்து பிள்ளை கெட்டுவிடும் என்கிறார் நாத்தனார். கோயிலில் பார்த்த ஓர் அக்காவோ தன் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், ஒரு குறையும் இல்லை என்கிறார்.

போன மாதம் பக்கத்துப் பள்ளிக்கு நேரிலேயே போனேன். அலுவலகத்தில் மரியாதையாகப் பேசினார்கள். வாசலில், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் ஏ எடுத்தவர்களின் பேனர், கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள், சுவரில் முன்னாள் முதல்வர்களின் படங்கள். எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது, நான் உருப்படியாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நான் படித்த காலம் வேறு. 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் போனது, 2022இல் படிவம் மூன்றில் எழுதும் பிடி3யும் போனது, இப்போது ஒரு பள்ளியை எதை வைத்து எடை போடுவது?

மகள் தமிழ் நன்றாக எழுதுவாள், கணக்கு பரவாயில்லை, மலாய் சுமார். அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் புரியவில்லை என்றாலும் கை தூக்காத பிள்ளை. அந்தப் பயம்தான் எனக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கை தூக்காத பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர் பேனரில் சிரிக்கும் பத்துப் பேரைப் பார்த்துப் பயனில்லை. அந்தப் பத்துப் பேருக்கு டியூஷன் இருக்கும், வீட்டில் கவனிக்க ஆள் இருக்கும், எங்கே போட்டாலும் ஏ எடுப்பார்கள். ஒரே படிவத்தில் மதிப்பெண் வாரியாகப் பார்த்தால் முதல் வகுப்பு, நடு வகுப்பு, கடைசி வகுப்பு என்று இருக்கும்; பள்ளியின் தரம் தெரிவது நடு வகுப்புகளிலும் கடைசி வகுப்பிலும்தான்.

பள்ளியில் ஜிபிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளியின் சராசரி கிரேடு அது. ஏ பிளஸ்ஸுக்கு 0, தோல்வியான ஜி-க்கு 9 என்று வைத்துக் கணக்கிடுவதால் எண் குறையக் குறைய நல்லது, 5ஐவிட 4 மேல். பல பெற்றோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருட எண்ணை மட்டும் கேட்காதீர்கள், நான்கைந்து வருடத்துக்குக் கேளுங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அப்புறம் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது? மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் மற்றதில் எத்தனை ஏ இருந்தாலும் எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது. வரலாற்றில் தேர்ச்சியை 2013இல் கட்டாயமாக்கினார்கள், அதில் தடுக்கி விழுந்த நம் பிள்ளைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. யாரும் கேட்காத கேள்வி இன்னொன்று உண்டு. இந்த வருடம் ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் படிவம் ஒன்றில் சேர்ந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர்? இதற்கு முதல்வர் யோசித்து, வருத்தப்பட்டு, இன்ன காரணம் என்று பதில் சொன்னால் அந்தப் பள்ளியை நம்பலாம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கடைசி வகுப்பின் கணித ஆசிரியை பேறுகால விடுப்பில் போனார். மூன்று மாதம் தினம் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார், பிள்ளைகள் கரும்பலகையில் பழைய தேதியைக்கூட அழிக்காமல் இருந்தார்கள். முதல் வகுப்பில் இப்படி நடந்திருந்தால் மறுநாளே பத்துப் பெற்றோர் வாசலில் நின்றிருப்பார்கள். கடைசி வகுப்புக்காக யாரும் வரவில்லை. நானும் ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது. அதனால், ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனால் என்ன செய்கிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

பழைய பள்ளிகளின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், 1852இல் தொடங்கிய செயின்ட் சேவியர், 1885இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளி எல்லாம் இந்தத் தீவின் சொத்து. முன்னாள் மாணவர்கள் திரும்பி வந்து கைகொடுப்பது பெரிய பலம். ஆனால் வயதை வைத்து உங்கள் மகளுக்கு அடுத்த வருடம் அறிவியல் எடுக்கப்போவது யார் என்று தெரிந்துகொள்ள முடியாது.

ஜெலுத்தோங் அப்பா:

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார், தமிழை மட்டும் நான் சொல்கிறேன். சகோதரி, உங்கள் மகள் தமிழ் நன்றாக எழுதுவாள் என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

என் மகன் படிவம் ஒன்றில் சேர்ந்தபோது எங்களுக்கும் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். சேர்த்த பிறகு பார்த்தால் பள்ளி முடிந்து இரண்டரை மணிக்கு, வாரத்தில் ஒரு நாள், ஆசிரியர் வேறு பள்ளியிலிருந்து வர வேண்டும். வேன்காரர் ஒன்றரைக்கே கிளம்பிவிடுவார். வேலைக்குப் போகும் பெற்றோர் நான்கு மணிக்கு எப்படி வந்து ஏற்றுவது? பதினெட்டுப் பேரோடு தொடங்கிய வகுப்பு வருடக் கடைசியில் ஆறு பேருக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆள் இல்லை என்று சொல்லி ஆசிரியரையும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று பிஐபிஜி என்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேசியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆர்வம் இருந்தது, வீடு போய்ச் சேர வழிதான் இல்லை.

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்ய வேண்டும். இந்த 15தான் நம் கையில் இருக்கிற ஆயுதம். நாங்கள் அடுத்த வருடம் அதைத்தான் செய்தோம். பள்ளி விடும் நேரம், நல்ல மழை, பஸ் நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் கடிதத்தை வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். மை கலங்கிப்போய் இரண்டு பெயரைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 17 கையெழுத்து. முதல்வர் நல்லவர், இவ்வளவு பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதே என்றார். நன்னெறிப் பாடம் போல இதுவும் கால அட்டவணைக்குள் வந்தது. மகன் எஸ்பிஎம்மில் தமிழும் எடுத்தான், இலக்கியமும் எடுத்தான்.

ஆகவே சேர்ப்பதற்கு முன்பே கேளுங்கள். தமிழாசிரியர் அந்தப் பள்ளியிலேயே நிரந்தரமாக இருக்கிறாரா, அட்டவணைக்குள்ளா வெளியிலா, போன வருடம் எஸ்பிஎம்மில் எத்தனை பேர் தமிழ் எழுதினார்கள், இலக்கியம் எடுக்க விடுகிறார்களா. மூன்றாவது கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்றால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

மூன்று பிள்ளைகளின் தாய்:

நான் படித்தவர்கள் மாதிரி எண்ணெல்லாம் கேட்கவில்லை, கழிப்பறையைப் பார்த்தேன். அலுவலகத்துப் பக்கம் இருப்பது இல்லை, மாணவிகளின் கழிப்பறை. அவசரம் என்று சொல்லிக் கேட்டால் விடுவார்கள். ஒரு பள்ளியில் ஐந்து கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தாழ்ப்பாள் இருந்த துளையில் ரிப்பன் கட்டியிருந்தது, பிள்ளைகளே கட்டியிருக்க வேண்டும். குப்பைக்கூடை இல்லை. என் பெரிய மகள் ஏழு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வயதுக்கு வருகிற நேரம் இது அக்கா, இதைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

அப்புறம் பள்ளி விடும் நேரத்தில் கேட் பக்கம் அரைமணி நேரம் நில்லுங்கள். ஆசிரியர் யாராவது வெளியே நிற்கிறாரா, பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்கள், பாதுகாவலர் பிள்ளைகளின் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா. காலைப் பள்ளியா மாலைப் பள்ளியா என்றும் கேளுங்கள், சில இடங்களில் கீழ்ப்படிவங்களை மதியம் வைக்கிறார்கள், வீடு வரும்போது இருட்டிவிடும். டவுன் பள்ளி என்றால் காலை ஆறேமுக்காலுக்கு கிரீன் லேன் ஜாமில் ஒரு வாரம் நீங்களே போய்ப் பாருங்கள், ஐந்து வருடம் அவள் அதில்தான் போக வேண்டும்.

நாத்தனார் சொன்னதைப் பற்றி ஒன்று. கூட்டாளி எல்லாப் பள்ளியிலும் உண்டு. பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்கு யார் போன் செய்கிறார்கள் என்று கேளுங்கள். என் சின்னவனின் பள்ளியில் இரண்டாம் நாளே கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிட்டுவிட்டார், காய்ச்சல் என்று சொன்னதும் மருந்து வாங்கினீர்களா என்று கேட்டார்.

படிவம் ஆறு மாணவி:

அக்கா, நானும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள்தான், அதிகம் பேசமாட்டேன். படிவம் ஒன்றில் முதல் மாதம் எனக்குக் கணக்கே தெரியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆசிரியர் பெஞெபூட் என்றார், எனக்குப் புரியவில்லை. அது நான் இரண்டாம் ஆண்டிலிருந்து போட்டுக்கொண்டிருந்த பகுதி எண்தான். பின்னம் எல்லாம் பெச்சாஹான் ஆகிவிட்டது. கணக்கு தெரியும், அதன் பேர்தான் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த மலாய்த் தோழி நான் வரைந்து காட்டினால் பேர் சொல்வாள், அப்படித்தான் தேறினேன்.

அந்தப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் மலாயிலா, டிஎல்பி என்கிற இருமொழித் திட்டத்தில் ஆங்கிலத்திலா என்று கேளுங்கள், இரண்டுக்கும் தயாராவது வேறு வேறு மாதிரி. ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு நோட்டில் தமிழ்ச் சொல் ஒரு பக்கம், பள்ளியில் சொல்லும் சொல் மறுபக்கம் எழுதிப் பழகச் சொல்லுங்கள். நான் எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன்.

கெலுகோர் அம்மா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சி, நோட்டைக் கட்டாயம் போடுங்கள், மகளிடம் சொன்னதும் அவளே கேட்டாள்.

நேற்று பக்கத்துப் பள்ளிக்குத் திரும்பப் போனேன். இந்த முறை தாளில் எழுதிக்கொண்டு போனேன். துணை முதல்வர் ஒருவர் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். ஜிபிஎஸ் எண்களை ஐந்து வருடத்துக்குக் காட்டினார், நடுவில் ஒரு வருடம் மோசம், அதை மறைக்கவில்லை. இடையில் நின்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது பேர் சொல்லாமல் ஒவ்வொருவரின் நிலைமையையும் சொன்னார், ஒருவனைத் தேடி இவரே பட்டறைக்குப் போயிருக்கிறார். கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறது, சோப்பு இல்லை. கணிதம் மலாயில்தான்.

தமிழ்தான் இடிக்கிறது. வகுப்பு இருக்கிறது, ஆனால் ஜெலுத்தோங் அண்ணன் சொன்ன மாதிரியே பள்ளி முடிந்த பிறகு. 15 பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அட்டவணைக்குள் கொண்டுவருவது பற்றி முதல்வரிடம் பேசலாம் என்றார். மகளின் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், இன்றுவரை 11 பேர். கெலுகோர், சுங்கை டுவா, மிண்டன் பக்கம் இருந்து அடுத்த வருடம் படிவம் ஒன்றுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், இன்னும் நான்கு பேர் வேண்டும். கடிதத்தை நானே எழுதிக் கொண்டுவருகிறேன்.