பிரதேச சபையின் கமரா எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது: எந்த அதிகாரத்தில், யாரிடம் கேட்பது?

வாவிக்கரை வாசி (மட்டக்களப்பு மாவட்டம்):

அனைவருக்கும் வணக்கம். வாவியை அண்டிய கிராமம் ஒன்றில் வசிக்கிறேன்; சபையின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. எங்கள் ஒழுங்கை வாவியைத் தொடும் முனையில், கோழிக்கடைக் கழிவுகளையும் பாவித்த பம்பர்ஸ்களையும் இரவோடிரவாகக் கொட்டிவிட்டுப் போவது பல வருடங்களாக நடக்கிறது. அதைத் தடுப்பதற்காகப் பிரதேச சபை அண்மையில் மின்கம்பம் ஒன்றில் சுழலும் கமராவைப் பொருத்தியது. கொட்டுகிறவர்கள் பிடிபட வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். ஆனால், கம்பத்தின் உயரத்திலிருந்து பார்க்கும்போது எங்கள் கிடுகு வேலியைத் தாண்டிக் கிணற்றடி முழுவதும் தெரிகிறது. அம்மாவும் தங்கையும் குளிப்பது அங்கேதான்.

இன்னுமொரு விடயம். மறுநாள் காலையில் வரவிருந்த சபையின் உழவு இயந்திரத்துக்காகக் குப்பைப் பையைப் படலைக்கு வெளியே வைத்த எங்கள் அயலவரான ஒரு பெண்மணியின் படம், முகம் மறைக்கப்படாமல், சூழலை மாசுபடுத்துகிறவர் என்ற குறிப்போடு சபையின் முகநூல் பக்கத்தில் வெளியானது. அலுவலகத்தில் விசாரித்தபோது "மேலிடத்து உத்தரவு" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. காட்சிகள் ஒருவருடைய கைத்தொலைபேசிக்கும் போவதாகச் சொல்கிறார்கள். எந்தச் சட்டம் சபைக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது, பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், கமராவைத் திருப்பச் சொல்லி யாரிடம் முறையிடுவது என்பவற்றை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செயலாளர் (அம்பாறை மாவட்டம்):

தம்பி, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் கமரா என்ற பேச்சே இல்லை. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றையும், பொதுவாக மக்களின் வசதியையும் நலனையும் சபையின் பொறுப்பில் விடுகிறது. கழிவகற்றலும் சபையின் கடமையே. கமரா பொருத்தும் சபைகள் இந்தப் பொதுவான வாசகத்தையே தமக்கு ஆதாரமாகக் காட்டுகின்றன. வீதி முனையைப் பார்ப்பதற்கு அந்த வாசகம் ஒருவாறு போதும் என்று வைத்துக்கொண்டாலும், தனியார் வளவுக்குள் பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

நான் பணியில் இருந்த காலத்தில் எந்த விடயத்துக்கும் முதலில் தேடுவது சபைத் தீர்மானத்தைத்தான். தவிசாளர் நிறைவேற்று அதிகாரி என்றாலும், சபைக் கூட்டத்தின் தீர்மானமும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடும் இல்லாமல் ஒரு பொருளை வாங்கிப் பொருத்துவது முறையல்ல. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிந்திய காலம் வரை சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை. நிர்வாகம் செயலாளர்களின் கையில் இருந்தது. ஆகவே இந்தக் கமராவுக்கான முடிவு எந்தக் காலத்தில், யாரால் எடுக்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புதிய சபை அதனை உறுதிப்படுத்தியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மனிதாபிமான அடிப்படையில் கமராவை வேறு பக்கம் திருப்பிவிடுமாறு மன்றாடிக் கடிதம் எழுத வேண்டாம். அப்படியான கடிதம் கோவைக்குள் உறங்கிவிடும். ஆவணத்தைக் கேட்கும் கடிதத்துக்கு ஒருவர் கையொப்பமிட்டுப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சபை உறுப்பினர் ஒருவர்:

நான் வேறொரு சபையின் உறுப்பினர். குப்பைப் பிரச்சினையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் சிரமம் புரிவதில்லை. அறிவித்தல் பலகை வைத்தோம், பலகைக்குக் கீழேயே கொட்டினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரவு முழுவதும் காவல் நிற்க முடியாது. கமரா வந்த பின்னர்தான் வாகன இலக்கத்தோடு ஆளைப் பிடிக்க முடிந்தது. மடியில் கனமில்லாதவருக்கு வழியில் ஏன் பயம்?

ஓய்வுபெற்ற செயலாளர்:

உறுப்பினர் அவர்களே, அந்தப் பழமொழி வழியில் நடப்பவருக்குச் சொன்னது. தன் வளவுக்குள் குளிப்பவருக்குச் சொன்னதல்ல. கமரா வேண்டாமென்று கேள்வி கேட்டவர் எங்கும் எழுதவில்லையே.

சட்டத்தரணி (கல்முனை):

சகோதரரின் கேள்வியில் மூன்று வெவ்வேறு விடயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது ஆவணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்களும் பகிரங்க அதிகாரசபைகளே. சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுத்துமூலம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புகையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டை விசாரிக்கவெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். சபைத் தீர்மானத்தின் பிரதி, கொள்வனவுக் கோவை, காட்சிகளைப் பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களின் பதவிப் பெயர்கள், பதிவு வைக்கப்படும் கால அளவு, பொலிசுக்கோ வேறு எவருக்கோ காட்சி வழங்கப்பட்டதற்கான பதிவேடு ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். பிறர் தெரியும் காட்சிகளைக் கேட்டால், தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தைக் காட்டி நியாயமாகவே மறுத்துவிடுவார்கள். அதோடு உங்கள் விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளும் தாமதமாகும்.

இரண்டாவது, அந்தரங்கம். நமது அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனியான அடிப்படை உரிமையாகப் பிரகடனம் செய்யவில்லை. தகவல் பெறும் உரிமையைத் தரும் 14அ உறுப்புரையில் அந்த உரிமையை மட்டுப்படுத்தும் ஒரு காரணமாகவே அது வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் நடமாடும் இடங்களை முறையாகக் கண்காணிப்பதற்கு முன்னர் அதன் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்று அது கூறுகிறது. அரச அமைப்புகளும் அதற்கு உட்பட்டவையே. ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே அதை மட்டும் நம்பி உங்கள் முறைப்பாட்டைக் கட்ட வேண்டாம். சமத்துவத்தைக் கூறும், அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையின் கீழ், தன்னிச்சையான நிர்வாகச் செயல் என்று வாதிடலாம். ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டை ஒப்படைத்த பற்றுச்சீட்டு மட்டும் இதற்குப் போதாது. விசாரணை உண்மையில் நடைபெறுகிறது என்பதைக் காட்ட வேண்டும். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன.

மூன்றாவது, முகநூல் படம். என் பார்வையில் இதுவே மிகப் பாரதூரமானது. ஒருவர் குற்றம் செய்தாரா என்பதை நீதவான் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும்; சபையின் முகநூல் பக்கம் அல்ல. அவதூறு 2002 முதல் குற்றவியல் குற்றமாக இல்லை என்றாலும், மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரும் வழி திறந்தே இருக்கிறது. அந்தப் பெண்மணி பதிவின் திரைப்பிடிப்பைத் திகதியோடு எடுத்து வைத்துக்கொள்ளட்டும். வழக்குக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், பதிவை நீக்குமாறு செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவது நல்லது.

சபையின் நலனுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, இத்தகைய ஒளிப்பதிவை நீதிமன்றத்தில் முன்வைக்க விரும்பும் தரப்பு 45 நாட்களுக்கு முன்னர் அறிவித்தல் கொடுத்து, பதிவையும் கருவியையும் பார்வையிட மறுதரப்புக்கு வாய்ப்பளிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் வெட்டி ஒட்டிய துண்டை வைத்துக்கொண்டு இந்த நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது. ஒழுங்காகப் பேணப்படாத பதிவு, உண்மையாகவே கழிவு கொட்டியவனைத்தான் காப்பாற்றும்.

கமரா பொருத்துநர் (அக்கரைப்பற்று):

சட்டத்தரணி ஐயா எழுதியதற்கு மேல் சட்டம் பேச நான் தகுதியானவன் அல்லன்; கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இன்று சந்தையில் வரும் வலையமைப்புக் கமராக்களில் பெரும்பாலானவற்றில் அந்தரங்க மறைப்பு என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. திரையில் கிணற்றடி வரும் பகுதியைக் கட்டமிட்டுக் கொடுத்தால், பொதுவாக அந்தப் பகுதி கறுப்பாகவே பதிவாகும். அப்படிக் கறுப்பாகப் பதிவானதைப் பின்னர் எவராலும் மீட்டெடுக்க முடியாது. செலவு எதுவும் இல்லை, சில நிமிட வேலை. ஆகவே "கழற்றினால்தான் முடியும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதிவு எத்தனை நாட்களுக்கு இருக்கும் என்பதைக் கணக்குப் பார்க்கலாம். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒரு கமரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட் எடுக்கும். 2 டெராபைட் வட்டில் ஒரு கமரா மட்டும் இருந்தால் ஒன்றரை மாதம், நான்கு கமராக்கள் இருந்தால் 11 நாட்கள் அளவில் நிற்கும். அதன் பின்னர் பழையதன் மேல் புதியது எழுதப்படும். எனவே, கால அளவு பற்றிச் சபைக்குக் கொள்கை எதுவும் இல்லையென்றால், வட்டின் கொள்ளளவே அங்கு கொள்கை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசி விடயம்தான் எனக்குக் கவலை தருகிறது. பதிவுக் கருவியின் கியூஆர் குறியீட்டையும் கடவுச்சொல்லையும் ஒருவர் பெற்றுவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம், இன்னொருவருக்குப் பகிரவும் செய்யலாம். பொருத்திய நாளில் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாத நிறுவனங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அலுவலருக்கும் தனிக் கணக்கு உருவாக்கினால், யார் எப்போது நுழைந்தார் என்பது கருவியிலேயே பதிவாகும்.

கல்லாற்றிலிருந்து இலண்டனுக்கு வந்தவர்:

நான் இங்கே நீண்ட காலமாக வசிப்பதால், இதே பிரச்சினையில் இங்கிலாந்து என்ன செய்தது என்பதைச் சொல்லலாம் என நினைக்கிறேன். அந்தச் சட்டம் நமது ஊருக்குப் பொருந்தாது. ஆனால் கேள்விகள் ஒன்றேதான். 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம், உள்ளூராட்சி மன்றங்களும் ஆட்களை மறைமுகமாகக் கண்காணிக்க வழிவிட்டது. குப்பை போடுவதற்கும் நாய்க் கழிவுக்கும்கூட அது பயன்படுத்தப்பட்டது. 2008இல் பூல் நகரின் மன்றம், ஒரு குடும்பம் பாடசாலை அனுமதிக்குரிய எல்லைக்குள்தான் வசிக்கிறதா என்று அறிய, அவர்களை ஏறத்தாழ மூன்று வாரங்கள் பின்தொடர்ந்தது. அது சட்டவிரோதமானது எனப் புலனாய்வு அதிகாரங்களுக்கான தீர்ப்பாயம் 2010இல் தீர்ப்பளித்தது.

பின்னர் வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால், மன்றம் ஒன்று மறைமுகக் கண்காணிப்பில் இறங்குவதற்கு முன் நீதவானின் அங்கீகாரத்தைப் பெற வேண்டியதாயிற்று. அத்துடன், கண்காணிப்புக்குக் காரணமான குற்றம் குறைந்தது ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வயது குறைந்தோருக்கு மது, புகையிலை விற்பது போன்ற சில குற்றங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. வெளிப்படையாகத் தெரியும் வீதிக் கமராக்களுக்கு இந்த அங்கீகாரம் தேவையில்லை. அவற்றுக்கெனத் தனி நடத்தைக்கோவை 2013இல் வந்தது: நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் படங்களை வைத்திருக்கக் கூடாது, பார்ப்பவர் யார் என்பது வரையறுக்கப்பட வேண்டும். அறிவித்தல் பலகையுடன் வீதியைப் பார்க்கும் கமராவையும், வளவுக்குள் எட்டிப் பார்க்கும் கமராவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவையும் எழுதினேன்.

சபை உறுப்பினர் ஒருவர்:

கிணற்றடி விடயத்தில் நீங்கள் எல்லோரும் கூறுவதை ஏற்கிறேன். எமது சபையில் இதற்கென எழுதப்பட்ட ஒழுங்குவிதி ஏதும் இல்லை. அடுத்த கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன். அதற்கு உபவிதி இயற்ற வேண்டுமா?

ஓய்வுபெற்ற செயலாளர்:

உபவிதியென்றால் மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவர வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தபின் அந்த அதிகாரங்கள் ஆளுநரிடமே இருப்பதால், அதற்குக் காலம் எடுக்கும். அதுவரை சபைத் தீர்மானமாக ஓர் உள்ளக ஒழுங்குவிதியை நிறைவேற்றுங்கள். எந்த இடத்தில் எதற்காகக் கமரா, எந்தப் பதவியில் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பது, பொலிஸ் எழுத்துமூலம் கோராமல் காட்சி கொடுப்பதில்லை, எக்காரணம் கொண்டும் சமூக ஊடகத்தில் போடுவதில்லை என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். பிரதியை உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்கு அனுப்புங்கள். கமரா உள்ள கம்பத்திலேயே பலகை தொங்கட்டும்.

வாவிக்கரை வாசி:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தகவல் விண்ணப்பத்தைக் கையளித்து ஒப்புகையும் பெற்றுவிட்டேன். அதைப் பார்த்த செயலாளர் என்னை அழைத்துப் பேசி, கிணற்றடியை மறைத்துத் தருவதாகவும் முகநூல் படத்தை நீக்குவதாகவும் ஒப்புக்கொண்டார், படம் நீக்கப்பட்டுவிட்டது. மறைப்பும் போட்டாயிற்று என்கிறார்கள், அலுவலகத் திரையிலும் கறுப்புக் கட்டத்தைக் காட்டினார்கள். விண்ணப்பத்தை மீளப்பெறுமாறு கேட்கிறார்கள். பெறலாமா? மறைப்பு உண்மையிலேயே பதிவிலும் இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

சட்டத்தரணி (கல்முனை):

மீளப்பெற வேண்டாம். திரையில் காட்டியது சலுகை. உங்கள் கையில் இருக்க வேண்டியது ஆவணம். மறைப்பு இடப்பட்டதைச் செயலாளரின் கடிதமாகவும் கேட்டு வாங்குங்கள்.

கமரா பொருத்துநர் (அக்கரைப்பற்று):

சில கருவிகளில் பார்க்கும் திரையை மட்டும் மறைத்துவிட்டுப் பதிவை முழுமையாக வைத்திருக்கவும் முடியும். அதனால் நேரடிக் காட்சியைப் பார்த்துத் திருப்தியடையாமல், மறைப்பு இட்ட பின்னர் பதிவான ஏதாவதொரு நேரத்தை உங்கள் முன்னிலையில் பதிவுக் கருவியிலிருந்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது சுழலும் கமரா என்பதால், உங்கள் வளவுப் பக்கம் திருப்பி, உருவத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்க வேண்டும். கட்டம் கிணற்றடியோடு சேர்ந்தே நகர வேண்டும், இடத்தைவிட்டு விலகக் கூடாது. மாரியில் இடி மின்னலால் கருவி பழுதாகித் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாலோ புதிய கமரா மாற்றினாலோ இந்த மறைப்பு அழிந்துவிடும். ஆகவே செயலாளர் தரும் கடிதத்தில், ஒவ்வொரு திருத்த வேலைக்குப் பின்னரும் மறைப்பைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.