ஸெல்லா-மேலிஸ், உல்ம்: இரண்டும் ஒரே ஆன்ஷூட்ஸ்தானா?

ரேஞ்ச்கதிர்:
கிளப்பில் நான் சுடும் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளின் பேரலில் 'ஆன்ஷூட்ஸ், உல்ம்' என்று ஜெர்மன் துப்பாக்கி நிறுவனத்தின் பெயரும் ஊரும் பொறித்திருக்கிறது. போன வாரம் ஸ்டோர் ரூமை ஒழுங்குபடுத்தும்போது ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் பழைய ரைஃபிள் ஒன்று அகப்பட்டது. அதில் 'ஜே.ஜி.ஏ., ஸெல்லா-மேலிஸ்'. இரண்டும் ஒரே குடும்பத்துக் கைவேலையா? எந்தக் காலத்தது?

உல்ம்வாசி:
ஒரே குடும்பம்தான். ஜே.ஜி.ஏ. என்றால் யூலியுஸ் காட்ஃப்ரீட் ஆன்ஷூட்ஸ். 1856-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், மேலிஸ் என்ற ஊரில் பட்டறை போட்டவர். ஃப்ளோபேர் ரைஃபிள் (சின்னத் தோட்டா போட்டுச் சுடும் லேசான வகை), பாக்கெட் பிஸ்டல், வேட்டைத் துப்பாக்கி எல்லாம் செய்தார். 1901-ல் அவர் இறந்ததும் மகன்கள் ஃப்ரிட்ஸும் ஓட்டோவும், பிறகு பேரன்கள் மாக்ஸும் ருடோல்ஃபும் நடத்தினார்கள்.

காலத்தை ஊர்ப் பெயரை வைத்தே கணிக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களான ஸெல்லாவும் மேலிஸும் 1919-ல்தான் ஒன்றாயின. 1945-ல் முதலில் அமெரிக்கப் படை வந்தது, அப்புறம் துரிங்கியா சோவியத் கைக்குப் போனது, தொழிற்சாலையும் பறிபோனது. ஆக, உங்களுடையது இந்த இடைப்பட்ட காலத்து ரைஃபிள்.

இவர்கள் கதையில் என் மனதைத் தொடுவது அதற்கடுத்த சில வருடங்கள்தான். மூன்று தலைமுறைச் சொத்து போன பிறகு, 1950-ல் மேற்கு ஜெர்மனியின் உல்மில் பழுதுபார்க்கும் வேலையும் ஏர் பிஸ்டலுமாக மறுபடி தொடங்கினார்கள். நாலே வருடத்தில் 'மேட்ச் 54' என்ற போட்டி ரைஃபிள் வந்துவிட்டது! உங்கள் கிளப் ரைஃபிள் '1913' என்ற எண்ணுள்ள மாடல் என்றால் அதன் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை) வெளியே எடுத்துப் பாருங்கள். பூட்டும் பற்கள் இரண்டும் பின்பக்கம் இருக்கும். அந்த 54-இன் அமைப்புதான் அது. இன்னொரு துப்பாக்கித் தயாரிப்புக் குடும்பமான வால்டரும் அதே ஸெல்லா-மேலிஸை விட்டு உல்முக்கு வந்ததுதான்.

பனித்தடம்:
பயத்லான் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி) பார்ப்பவர்களுக்கு ஆன்ஷூட்ஸின் '1827 ஃபோர்ட்னர்' மாடல் ரைஃபிள் தெரிந்திருக்கும். போல்ட்டைத் திருப்பவே வேண்டாம். ஆள்காட்டி விரலால் இழுத்து, கட்டைவிரலால் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். பனியில் மூச்சிரைக்க வந்து ஐந்து குண்டு சுடுகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

ரேஞ்ச்கதிர்:
நன்றி அண்ணா. பழையதைத் துடைத்து எண்ணெய் போட்டு ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

உல்ம்வாசி:
வேண்டாம் தம்பி. ஃப்ளோபேர் வகையாக இருந்தால் தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் பூட்டு ரொம்ப லேசானது, அந்தக் காலத்துச் சின்னத் தோட்டாவுக்குச் செய்தது. இன்றைய பாயிண்ட் டூ டூ 'லாங் ரைஃபிள்' வகைத் தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்காது, பின்பக்கமாக முகத்தில் அடிக்கும். முதலில் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை பூட்டியே வையுங்கள்.