மோட்டார் தண்டின் சுழற்சியை மடங்கும் ரோபோ கைக்குக் கடத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். இரண்டு மூட்டுகள் கொண்ட ரோபோ கை ஒன்றை வடிவமைத்து வருகிறேன். முழங்கை மோட்டாரை முழங்கையிலேயே பொருத்தினால் அதன் எடையையும் தோள் மூட்டு சுமக்க வேண்டியிருப்பதால், அதை அடித்தளத்தில் வைக்க விரும்புகிறேன். தோள் மேலும் கீழும் அசையும்போது பெல்ட் தளராமல் சுழற்சியை எப்படிக் கடத்துவது?

பதில் 1:
தோள் மூட்டின் அச்சிலேயே, கையோடு இணையாமல் பேரிங்கின் மீது தனியாகச் சுழலும் இரட்டைப் புல்லி ஒன்றைப் பொருத்துங்கள். மோட்டாரிலிருந்து அதற்குப் பற்கள் கொண்ட பெல்ட் ஒன்றும், அதிலிருந்து முழங்கைக்கு இன்னொன்றும் செல்லட்டும். புல்லியின் மையமும் மூட்டின் மையமும் ஒன்றே என்பதால், கை எந்தக் கோணத்தில் நின்றாலும் மையங்களுக்கு இடையிலான தூரம் மாறாது.

பதில் 2:
சரியான வழிதான், ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. முழங்கை மோட்டார் அசையாமல் நிற்க, தோள் மட்டும் 30 பாகை திரும்பினால், இரண்டாம் பெல்ட்டின் புல்லிகள் சம அளவாக இருக்கும்பட்சத்தில், முன்கை தரையைப் பொறுத்துத் தன் திசையை மாற்றிக்கொள்ளாது. அதாவது, முழங்கைக் கோணம் 30 பாகை மாறிவிடும். பொருளைச் சாய்க்காமல் தூக்குவதற்கு இது வசதியே. வேண்டாமெனில், தோள் திரும்பும் அளவுக்கு முழங்கை மோட்டாரையும் நிரலில் ஈடாகத் திருப்ப வேண்டும்.

பதில் 3:
300 மி.மீ. நீளக் கை கிடைமட்டமாக நீண்டிருக்க, நுனியில் அரைக் கிலோ இருந்தால், கையின் சொந்த எடை நீங்கலாகவே தோளில் சுமார் 1.5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழும். உருண்டைத் தண்டில் ஒற்றைத் திருகாணியை மட்டும் நம்பிப் புல்லியை மாட்டாதீர்கள். ஒரு பக்கம் தட்டையாக்கப்பட்ட தண்டே நல்லது. கையின் எடையை மோட்டார் தண்டின் மீது ஏற்றாமல், இருபுறமும் பேரிங் வைத்துத் தாங்குங்கள்.