மாரி கழிந்ததும் தோடை மரம் மஞ்சளாகி உதிர்கிறது, என்ன செய்யலாம்?

கல்லடி வளவு:
வணக்கம். எங்கள் வளவில் ஐந்து வயது ஒட்டுத் தோடை ஒன்று நிற்கிறது, அம்மா நட்டது. போன வருடம் நன்றாகக் காய்த்தது. இந்த மாரிக்குப் பத்து நாளுக்கு மேல் முற்றத்தில் வெள்ளம் நின்றது. தை பிறந்ததிலிருந்து இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. யூரியா இரண்டு பிடி போட்டும் பலனில்லை. மண் மணல்தான். மரம் பட்டுப்போகுமோ என்று அம்மாவுக்குப் பெரிய கவலை.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்:
தம்பி, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். வெள்ளத்தில் வேருக்கு மூச்சு முட்டியிருக்கும், அந்த நேரத்தில் பசளை கூடுதல் பாரம். மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். கீழிலைகள் முழுதாக மஞ்சளானால் மழை மணலில் இருந்த நைதரசனைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. நடு நரம்பே மஞ்சளானால் எனக்கு அடிமரத்தில்தான் சந்தேகம். மண்ணைக் கிளறி ஒட்டு வைத்த இடம் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

கல்லடி வளவு:
ஐயா, நடு நரம்புதான் மஞ்சள். வெள்ளத்துக்குப் பயந்து ஐப்பசியில் அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்திருந்தேன். ஒட்டு இடம் ஒரு சாண் கீழே புதைந்து கிடக்கிறது. ஒரு பக்கப் பட்டை கபில நிறமாகி ஈரமாக இருக்கிறது, பிசினும் வடிகிறது.

ஆரையம்பதி அக்கா:
ஐயோ தம்பி, என் தேசி மரம் ஒன்று இப்படித்தான் போனது. கச்சான் காற்றில் காயாமல் இருக்கட்டும் என்று பொச்சு மட்டையை அடிமரத்தோடு ஒட்டி அடுக்கினேன். மாரி வந்தும் எடுக்க மறந்துவிட்டேன். நான் பார்த்தபோது அழுகல் மரத்தைச் சுற்றி வந்துவிட்டது. உங்களுக்கு ஒரு பக்கம்தானே, இன்றைக்கே மண்ணை எடுங்கள்.

களுவாஞ்சிக்குடி:
அக்கா சொல்வது சரி. மண் அணைப்பது வாழைக்கு நல்லது, தோடைக்கும் தேசிக்கும் கூடாது. ஈரமண்ணில் இருக்கும் பைற்றோப்தோரா என்ற நுண்ணுயிர் பட்டைக்குள் போய் அழுகலைக் கொண்டுவரும். ஒட்டுக்கு மேலுள்ள பகுதிக்கு அதைத் தாங்கும் சக்தி பெரும்பாலும் குறைவு.

மேல் வேர் தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். அலவாங்கு வேண்டாம், கையால் எடுங்கள். சுத்தமான கத்தியால் செத்த பட்டையை மட்டும் நல்ல பட்டை வரும்வரை சீவி, இரண்டு நாள் காயவிடுங்கள். அப்புறம் அழுகலைத் தடுக்கும் போர்டோப் பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (செப்பு சல்பேற்று) அரை லீற்றர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லீற்றரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்ரிக் வாளி வேண்டும், இரும்பு ஆகாது. கையுறை போடுங்கள், அன்றைக்கே பூசி முடியுங்கள்.

தண்ணீரைக் கிளையின் நுனி நிழல் விழும் இடத்தில் விடுங்கள், அடிமரம் நனையக்கூடாது. கச்சான் நேரத்தில் மூடாக்குப் போடலாம், ஆனால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளித்தான். அடுத்த மாரிக்கு முன் முற்றத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

கல்லடி வளவு:
பங்குனி கடைசி. காயம் காய்ந்துவிட்டது, மற்றப் பக்கக் கிளையில் பச்சைக் குருத்து வந்திருக்கிறது. நாலைந்து பூவும் இருக்கிறது. விடலாமா ஐயா?

களுவாஞ்சிக்குடி:
இந்த முறை கிள்ளிவிடுங்கள் தம்பி. சக்தி வேருக்குப் போகட்டும்.

கல்லடி வளவு:
கிள்ளிவிட்டேன் ஐயா. அம்மாவுக்கு மனம் வரவில்லை, ஒரு பூவை மட்டும் விடச் சொன்னார். விட்டிருக்கிறேன்.